தானிய மழைக்கு முன் பறித்தது

ஹாங்சோ நகரம். ஏப்ரல் கடைசி. மேற்கு ஏரியிலிருந்து லோங்ஜிங் கிராமத்துக்கு ஏறும் சாலை தூறலில் நனைந்து கிடக்கிறது. இரு சரிவிலும் தேயிலைச் செடிகள். வளைவில் ஒரு கடை. தேயிலை தவிர அங்கே வேறெதுவும் விற்பதில்லை. ஊதுபத்திகூட ஏற்றுவதில்லை; பக்கத்து வாசத்தையெல்லாம் இலை இழுத்துக்கொள்ளும். சுவரோரம் ஒரு மண்ஜாடி, உள்ளே ஈரம் உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்பு. அதை அடுத்து ஆளுயர ஃபிரிட்ஜ்.

எனக்குச் சீன மொழி தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து கைகளையும் முகங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் பேத்தியோடு நுழைகிறார். கடைக்காரம்மா பேச்சில்லாமல் மூன்று வெள்ளைத் தட்டுகளை எடுத்து வைக்கிறார். அவர் வலது உள்ளங்கை தடித்துப் பளபளக்கிறது. சூடான வாணலியில் வெறுங்கையால் இலையை அழுத்தி அழுத்தி வறுத்த கை. அந்தச் சூடுதான் இலை பழுப்பாவதைத் தடுத்துப் பச்சையாகவே நிறுத்துகிறது. அந்த அழுத்தம்தான் லோங்ஜிங் தேயிலைக்கு அதன் தட்டை வடிவைத் தருகிறது.

முதல் தட்டின் சீட்டில் 43 என்ற எண்ணும் மார்ச் மாதத் தேதியும். இதே ஊர் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த ரகம், சீக்கிரம் துளிர்க்கும். சிங்மிங் நாளுக்கு, அதாவது முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் ஏப்ரல் தொடக்கத்துக்கு, முன்பே பறித்த கொழுந்து. எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சை. விலையும் இதற்குத்தான் அதிகம். இரண்டாவது, அதே ரகத்தில் பின்னால் பறித்தது. மூன்றாவது தட்டில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. நடுவே தவிடு போகாத அரிசியின் மங்கல் மஞ்சள். விதையில் முளைத்த பழைய செடிகள் அப்படித்தான். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. கூயு என்ற தானிய மழை நாளுக்கு, அதாவது ஏப்ரல் 20 வாக்கில் வரும் நாளுக்கு, சற்று முன் பறித்திருக்கிறார்கள்.

மேற்கு ஏரித் தேயிலை என்பதற்கான முத்திரைச் சீட்டை அம்மா காட்டுகிறார். வெளியூர் இலையும் இந்தப் பெயரில் விலைபோவதால் வந்த ஏற்பாடு. பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தட்டுகளின் பக்கமே திரும்புகிறார். ஒரு சிட்டிகை இலையை உள்ளங்கையில் வைத்து, வாயால் மெல்ல ஊதிச் சூடேற்றி முகர்கிறார். பேத்தியின் மூக்கருகே நீட்டுகிறார். என் பெஞ்சு வரைக்கும் வருகிறது அந்த வாசம்: வறுத்த பாசிப்பருப்பு.

அம்மா கெட்டிலின் மூடியைத் திறந்து ஆறவிடப் போகிறார். பெரியவர் கையை உயர்த்தித் தடுக்கிறார். வீட்டில் குடிக்க 80 டிகிரி போதும்; குறைந்த சூடு இலையின் குறையை மறைத்து இனிப்பை முன்னால் நிறுத்தும். வாங்கும்போது கொதிநீர்தான் வேண்டும். கசப்போ, தீய்ந்த வாடையோ ஒளிய முடியாது. அம்மா சிரிக்கிறார். தேர்வுக்கு வந்த பிள்ளையைப் போல முகம் விழிப்பாகிறது. மூன்று கிண்ணத்திலும் 3 கிராம் நிறுத்துப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார். 4 நிமிடம். யாரும் பேசவில்லை. ஓட்டில் நீர் சொட்டும் ஒலி மட்டும். இப்படிக் காத்திருந்து வாங்கப்படும் பொருட்கள் உலகில் குறைந்துகொண்டே வருவது எனக்கு வருத்தம்.

முதல் கிண்ணத்தை உறிஞ்சியவர் தலையசைக்கிறார். மென்மை. இரண்டாவதில் புருவம் சுருங்குகிறது. மூன்றாவதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். தொண்டை அசைகிறது, வெறும் வாயோடு மீண்டும் விழுங்கிப் பார்க்கிறார். கசந்து இறங்கி, சற்று நேரம் கழித்து அடிநாக்கில் இனிப்பு ஊறுவதற்கான காத்திருப்பு. அது வந்துவிட்டது என்று முகமே சொல்கிறது.

மூன்றாம் தட்டைத் தொடுகிறார். விலை குறைந்ததைத்தான் தொட்டார். அம்மாவின் முகத்தில் ஏமாற்றம் துளியும் இல்லை, பெருமைதான் தெரிகிறது.

பெரியவர் வெந்த இலையொன்றை எடுத்துப் பேத்தியின் உள்ளங்கையில் விரித்துக் காட்டுகிறார்: ஒரு மொட்டு, இரண்டு இலை. அவள் அதை வாயில் போட்டு மெல்கிறாள். “யேயே...” என்று தாத்தாவைக் கூப்பிட்டு என்னவோ கேட்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள்.

தராசில் 100 கிராம் நிற்கிறது. அம்மா உறையின் காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டுகிறார். மேலே பறித்த தேதியைப் பேனாவால் எழுதி, மை காயும்வரை ஊதுகிறார்.