இரண்டு முடிவுகள்

சீட்டாட்டம் என்றாலே நம்மவர் மத்தியில் ஓர் ஒவ்வாமை உண்டு. "அவன் காட்ஸ் அடிக்கிறான்" என்று ஊரில் ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவன் உருப்படப்போவதில்லை என்பதே அதன் பொருள். ஆயினும் மர நிழலிலும் வாசிகசாலை விறாந்தையிலும் முந்நூற்று நாலு விளையாடாத தலைமுறையொன்று யாழ்ப்பாணத்தில் இருந்ததாக நான் அறியேன். நானும் அந்த ஆட்டத்தில் வளர்ந்தவன்தான்.

போக்கர் என் வாழ்வில் வந்தது மிகவும் பிந்தி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டுக் கொழும்பு அடங்கிக் கிடந்தபோது, ரொரன்டோவிலும் இலண்டனிலும் வாழும் பல்கலைக்கழகக் கால நண்பர்கள் கணினி வழியாக என்னை அழைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். காசு வைப்பதில்லை என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை இன்றுவரை மீறப்படவில்லை.

நாங்கள் ஆடுவது 'ரெக்சாஸ் ஹோல்டம்' என்னும் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். முதலில் மூன்று, பின்னர் ஒன்று, இறுதியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டிருப்பவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், ஏற்கலாம், அல்லது சீட்டை மடக்கிப் போட்டுவிட்டு விலகலாம். விதிகளைக் கற்க அரை மணி நேரம் போதும்.

அதற்கப்பால் தேர்ச்சி பெறுவது எப்படி? எதிராளியின் முகத்தைப் படிப்பதே போக்கர் என்று திரைப்படங்கள் நம்மை நம்பவைத்துள்ளன. இந்த நம்பிக்கையை ஓர் இயந்திரம் உடைத்தது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' என்னும் கணினி நிரல், முன்னணி ஆட்டக்காரர் நால்வருடன் 20 நாட்கள், 120,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. எவருடைய முகத்தையும் அது பார்க்கவில்லை.

அப்படியானால் அது எதைப் பார்த்தது? முதலாவது, விலை. நான்கு பொதுச் சீட்டுகள் திறந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். என் கையிலும் மேசையிலுமாக நான்கு இஸ்கோப்பன்கள் உள்ளன. ஐந்தாவது வந்தால் வெற்றி எனக்கு. நான் காணாத சீட்டுகள் 46. அவற்றில் இஸ்கோப்பன் 9. அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவான வாய்ப்பு. நடுவில் 100 வில்லைகள் இருக்க, எதிராளி 50 வைக்கிறார். நானும் 50 வைத்தால் மொத்தம் 200; அதில் என் பங்கு நான்கில் ஒன்று. நான்கு தடவைக்கு ஒரு தடவையாவது வென்றால்தான் அந்த 50 கட்டுப்படியாகும். அதன் பின்னர் மேலும் பந்தயம் வராதெனில், விலகுவதே முறை. அதே இடத்தில் நடுவில் 300 இருந்திருந்தால், எட்டில் ஒரு பங்கைக் கொடுத்து ஐந்தில் ஒன்றை நெருங்கும் வாய்ப்பை வாங்குகிறேன். அதனை ஏற்பதே முறை. சீட்டு மாறவில்லை, விலை மட்டுமே மாறியது.

இரண்டாவது, எதிராளியிடம் இருப்பது இன்ன இரண்டு சீட்டுகள்தான் என்று ஊகிப்பதை விடுவது. 52 சீட்டுகளிலிருந்து இருசீட்டுச் சேர்க்கைகள் 1,326 உருவாகலாம். அவர் எந்த இடத்தில் அமர்ந்து, எப்போது, எவ்வளவு வைத்தார் என்பதைக் கொண்டு அவற்றை ஒவ்வொரு கட்டத்திலும் கழித்துக்கொண்டே வரவேண்டும். மிஞ்சும் சேர்க்கைகள் எல்லாவற்றுக்கும் எதிராக என் கை எப்படி நிற்கிறது என்பதே கேள்வி. பத்திரிகையாளனுக்கு இது புதிதன்று. தொலைபேசியில் வரும் ஒரு தகவலுக்கு ஐந்து விளக்கங்கள் இருக்கலாம்; மாலைக்குள் மூன்று உதிர்ந்துவிடும்; எஞ்சிய இரண்டுக்கும் பொருந்துமாறு செய்தியை எழுதுவோம்.

மூன்றாவது, வெறுங்கையுடன் மிரட்டுவது. இதனைத் துணிச்சல் என்றே பலர் எண்ணுகின்றனர். கணித மேதை ஜோன் வொன் நொய்மன், ஒஸ்கார் மோர்கன்ஸ்ரேனுடன் இணைந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் இதற்கென ஒரு பகுதியே உண்டு. அவருடைய எளிய மாதிரியில், மிகச் சிறந்த கையுடனும் மிக மோசமான கையுடனும் பெரிதாகப் பந்தயம் கட்டவேண்டும்; நடுத்தரமான கையுடன் அடக்கி ஆடவேண்டும். ஒருபோதும் மிரட்டாதவருடைய நல்ல கைக்கு எவரும் பணம் வைக்கமாட்டார் என்பதே அதன் தருக்கம்.

இவை மூன்றையும் நூல்களில் கற்கலாம். நான்காவது படிதான் கடினமானது. ஒருவரிடம் இரண்டு ஏஸ், மற்றவரிடம் இரண்டு கிங். முழுவதையும் வைத்து மோதுகிறார்கள். நூறு தடவைகளில் ஏஸ் வைத்திருப்பவர் 80க்குச் சற்று அதிகமாக வெல்வார். எஞ்சிய தடவைகளில் தோற்பார். அப்படித் தோற்ற மாலையில் "நான் வைத்தது பிழை" என்று அவர் கருதினால், அடுத்த தடவை தயங்குவார். அந்தத் தயக்கமே அவரை அழிக்கும். விளைவைக் கொண்டு தீர்மானத்தை அளக்கும் இந்தப் பழக்கத்துக்குப் போக்கர் ஆட்டக்காரர்கள் 'ரிசல்ட்டிங்' என்று பெயரிட்டிருப்பதாக, முன்னாள் ஆட்டக்காரரான அனி டியூக் 2018இல் வெளியான தமது நூலில் எழுதுகிறார்.

தமிழில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. நாம் எடுப்பதும் 'முடிவு', பின்னர் நடந்தேறுவதும் 'முடிவு'. ஒரே சொல் இரண்டையும் சுமப்பதாலோ என்னவோ, ஒன்றைக் கொண்டு மற்றதை அளந்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகள் இதுவே நடந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்து மக்கள் மழையில் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலம் வழியாகவும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அப்பாவும் அம்மாவும் தங்கையும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். நான் கொழும்பில் இருந்தேன். புறப்படுமுன் அப்பா தங்கையின் சீதன நகைகளை ஒரு போத்தலில் இட்டுக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனார். மறு ஆண்டு சித்திரைக்குப் பின்னர் திரும்பி வந்தபோது கிணற்றடி தோண்டப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா தமது நகைகளைப் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பியிருந்தார். தங்கையின் திருமணம் ஆறு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. "ஒரு பாவாடை மடிப்புக்கு வந்த புத்தி ஒரு வாத்தியாருக்கு வரேல்லை" என்று உறவினர் சொன்னார்கள். அப்பா எவருக்கும் பதில் கூறியதில்லை. அந்தப் பழியுடனேயே அவர் காலமானார்.

எங்கள் போக்கர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆட்டத்தைப் பற்றி மற்றவரிடம் கருத்துக் கேட்கும்போது, இறுதிச் சீட்டு என்ன விழுந்தது என்பதைச் சொல்லக்கூடாது. சொன்னால், கேட்பவரின் மதிப்பீடு அந்தச் சீட்டின் பக்கம் சாய்ந்துவிடும்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது தங்கையின் மகனிடம் அதே முறையில் கேட்டேன். அவன் கொழும்பில் படிப்பவன். இந்தக் கதை அறியாதவன். இரவு, மழை, இலட்சக்கணக்கானோர் நெரியும் இருட்டு வீதி, எங்கே படுப்பது என்று தெரியாத பயணம், சில நாட்களில் திரும்பலாம் என்ற பேச்சு, கையில் ஒரு போத்தல் நகை. என்ன செய்வாய்?

அவன் சற்று நேரம் யோசித்தான். "ஆர் ஆரோடை நடக்கிறது எண்டே தெரியாது, மாமா. கொண்டுபோகேலாது. எங்கையாவது தாட்டுப்போட்டுத்தான் போயிருப்பன்."

சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்ரை அம்மப்பாவும் உதைத்தான் மோனை சொன்னவர்," என்றார். அதில் எப்போதும் இருக்கும் குத்தல் அன்று இருக்கவில்லை.