அந்தக் கீச்சுச் சத்தம்

எங்கள் காரின் முன் சில்லிலிருந்து கீச்சுச் சத்தம் வரத் தொடங்கி மூன்று வாரங்களாகியிருந்தன. பிரேக்கை மிதிக்கும் போதுதான் அது கேட்கும். கணவரிடம் சொன்னேன். அவரும் குனிந்து, சில்லின் இடைவெளியூடாகப் பார்த்தார். "பேட் மொத்தமாத்தான் இருக்கு. நாலு மாசத்துக்கு முந்தித்தானே புதுசு போட்டது. தூசியாயிருக்கும்" என்றார். வாகனத்தைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று நானும் வாயை மூடிக் கொண்டேன்.

அக்குறணையில் சாச்சியின் மகளுக்குக் கலியாணம். விருந்து முடிந்து பின்னேரம் மாவனல்லைக்குத் திரும்பினோம். பிள்ளைகள் மூவரும் பின்னால் உறங்கிவிட்டனர். கடுகண்ணாவையைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்க மிதிக்க, கீச்சுச் சத்தம் இரும்போடு இரும்பு அராவும் சத்தமாக மாறியது. கருகிய வாடை அடித்தது. கார் இடப்பக்கம் இழுத்தது. கணவர் கியரைக் குறைத்து, மெல்ல மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினார். சில்லிலிருந்து புகை! ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். "யா அல்லாஹ்" என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

காரை லொறியொன்றில் ஏற்றி வந்தோம். மறுநாள் எங்களூர் மெக்கானிக் நானா வீட்டு முற்றத்திலேயே சில்லைக் கழற்றினார். தேநீர் கொண்டு போன என்னையும் அழைத்து, இரண்டு பேட்களைக் காட்டினார். வெளிப்பக்கத்துப் பேட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. உட்பக்கத்துப் பேட்டோ இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது! வெளியிலிருந்து பார்த்தவருக்கு நல்லது மட்டுமே தெரிந்திருக்கிறது.

"பேட் புதுசுதான் தங்கச்சி. அது இருக்கிற இடத்தைப் பாருங்க" என்றார் நானா. பேட்டின் இரு காதுகளையும் தாங்கும் மெல்லிய தகட்டுக் கிளிப்புகளின் அடியில் துரு. கலிப்பர் முன்பின் நகர்வதற்கான ஸ்லைட் பின்களில் கிறீஸ் வரண்டு இறுகியிருந்தது. முன்பு வேலை செய்தவர் பழையதைத் துப்புரவாக்காமலே புதுப் பேட்டைச் செருகியிருக்கிறார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பேட் விலகாமல் டிஸ்க்கில் உரசிக் கொண்டே ஓடியிருக்கிறது.

நானா துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டினார். புதுக் கிளிப்புகள் போட்டார். பின்களைத் துடைத்து, சூடு தாங்கும் பிரேக் கிறீஸ் பூசினார். சாதாரண கிறீஸ் பூசினால் அங்குள்ள இறப்பர் உறைகள் ஊதிப் பழுதாகுமாம். பேட்டின் முகத்தில் ஒரு சொட்டுக் கிறீஸும் படக் கூடாதாம். கீறல் விழுந்த டிஸ்க்குகளையும் மாற்றி, முன் சில்லுகள் இரண்டிற்கும் ஒருசேரப் பேட் போட்டார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒருபக்கமாக இழுக்கும். முடிவில், கார் நகருமுன் பெடலைப் பல தடவை மிதித்து இறுக்கம் வரச் செய்தார். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது என்று எச்சரித்தார்.

சகோதரிகளே, பேட் மாற்றக் கொடுக்கும்போது நீங்களும் கேளுங்கள்: கிளிப் மாற்றினீர்களா? பின்னுக்குக் கிறீஸ் போட்டீர்களா? உட்பக்கத்துப் பேட்டைப் பார்த்தீர்களா? பேட் 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். பிரேக் ஓயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கொரு முறை அதையும் மாற்றுவது நல்லது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். அன்று நான் பிரயாண துஆவை ஓதித்தான் ஏறினேன். ஆனால் மூன்று வாரமாகக் காதில் விழுந்த எச்சரிக்கையை ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அவர்களுக்காக இன்னொரு தடவை வாய் திறந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் இறக்கம் வந்ததும் கணவரே ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "சத்தம் ஏதும் கேக்குதா?"