இரண்டாம் முறை கேட்ட ஹனிபா

களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்குக் கிட்ட, மட்டக்குளியில் எங்கள் வீடு. புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் கணக்கெழுதி வந்த வாப்பாவுக்கு அந்த வீட்டில் சொந்தமென்று இருந்தவை ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு கேசட் ரேடியோ, 37 கேசட்டுகள். அத்தனையும் நாகூர் இ.எம். ஹனிபாவின் பாட்டுகள்.

எழுபதுகளில் ஹனிபா கொழும்புக்கு வந்து பாடிய ஓர் இரவில் வாப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார். பாட்டு ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் வாப்பாவின் முதுகுக்குள்ளால் அதிர்ந்து என் வயிற்றில் பட்டது. ஒலிபெருக்கி இல்லாமலே பாடுவாராம் என்று வரும்போது வாப்பா சொன்னார். நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

நோன்பு மாதத்தில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் அவர் குரல் வந்தால் எங்கள் ஒழுங்கையில் அது முஸ்லிம் வீடுகளோடு நிற்பதில்லை. 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியவர் என்பதால் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அன்ரிக்கும் அவர் தெரிந்த ஆள்தான்.

1994இல் எனக்குப் புதிய சிநேகிதர்கள் கிடைத்தார்கள். இசை கூடாது என்றார்கள். ஆதாரங்களை அடுக்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. அள்ளிக் கொடுத்தது என் கைதான். வாப்பா கடைக்குப் போயிருந்த ஒரு பகலில் 37 கேசட்டுகளையும் பெட்டியோடு போத்தல், பேப்பர் எடுக்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். பின்னேரம் வந்த வாப்பா வெறும் தட்டைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்தார். ஒரு சொல் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நானும் ஹதீஸ் சொல்லித் தர்க்கம் பண்ணியிருப்பேன். அன்ரிதான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டா: "உங்கட வாப்பாட பாட்டு இப்ப கேக்கிறதேயில்லையே மகன்?"

நான்கு வருஷம் அப்படியே போனது.

1998இல் தமிழ்நாட்டில் வாப்பாவின் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். கப்பல் நின்று பல வருஷமாகியிருந்ததால் திருச்சிக்கு விமானத்தில் போனோம். இரவு ஹனிபாவின் கச்சேரி என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும்; வாப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை ஸ்திரி போட வைத்தார். வாசலோடு நின்றுவிடத்தான் நினைத்தேன். ஆனால் மூட்டு நோவுக்காரரைக் கூட்டத்துக்குள் தனியே விட முடியுமா?

1925இல் பிறந்தவர், அப்போது 72 வயது. மேடையேறும்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்ததும் அதே வெண்கலம். ஆனால் மூச்சு முன்போல் நீளவில்லை. உச்சத்துக்குப் போகும் இடம் வந்தால் பின்னால் இருந்தவர்களிடம் விட்டுவிட்டு, விரலை மட்டும் மேலே உயர்த்திக் காட்டினார். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இதற்காகவா இவ்வளவு என்று நினைத்துக்கொண்டு வாப்பாவைப் பார்த்தேன்.

வாப்பாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாடகர் விட்ட இடத்தையும் விடாமல், ஒவ்வொரு அடியாக, சத்தமில்லாமல். அடுத்த பாட்டுக்கும் அப்படித்தான். எல்லோரும் எதிர்பார்த்திருந்த, கையேந்தச் சொல்லும் அந்தப் பாட்டு வந்தபோது இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து நான் எதை வெளியேற்றினேன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அறைக்கு நடந்து வரும்போது சொன்னேன்: "வாப்பா, அந்தக் கேசட்டுகள்..."

"குரல் கொஞ்சம் எளச்சிட்டு மகன்," என்றார். "மனுசன் நல்லா ஈக்கிறார்."

கொழும்பு வந்ததும் புறக்கோட்டை நடைபாதையில் ஹனிபாவின் படம் போட்ட கேசட் ஒன்று வாங்கினேன். சிநேகிதர்கள் காணாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் போட்டால், முதல் வரியிலேயே வாப்பா கண்ணைத் திறந்தார்.

"இது அவரில்லையே. வேற யாரோ அவரப் போலப் பாடுறான்."

உறையில் அவர் படம், உள்ளே வேறொருவர் குரல். நிறுத்தப் போனேன். வாப்பா கையைக் காட்டித் தடுத்தார். அந்தப் பக்கம் முடிந்ததும், மற்றப் பக்கத்தையும் திருப்பிப் போடச் சொன்னார்.