பழுது எங்கே?

மனிதன் பொய் சொன்னால் அவன் முகமே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பர். இயந்திரத்திற்கு அத்தகைய முகம் இல்லை. அது சொல்லும் பொய்யால் எவர் மீது பழி விழும் என்பதை முன்கூட்டி அறிதலும் அரிது. என் வீட்டிலே நிகழ்ந்த அத்தகையதொரு நிகழ்ச்சியை, சிறிது வெட்கத்துடனேயே இங்கு எழுதுகின்றேன்.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதி அது. காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் எனக் கியூ.ஆர். முறையிற் பங்கிட்ட காலம். எழுவான்கரையிலே குடியிருக்கும் நான் வாவிக்கு அப்பால், படுவான்கரைக் கல்லூரியொன்றிலே கற்பிப்பவன். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படுமுன் பாதைக்குக் காத்திருந்து கடந்த நீரை, இப்பொழுது சில நிமிடங்களிற் கடந்துவிடுகின்றோம். நாள்தோறும் போய் வர 36 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் என் பழைய ஜப்பானியக் காருக்கு 20 லீற்றர் தாராளமாகப் போதும். ஆனால், அந்த மாதத்திலே வெள்ளிக்கிழமை காலையிலேயே பெற்றோல் ஊசி அடியைத் தொடலாயிற்று. கணக்குப் பார்த்தேன், லீற்றருக்கு 8 கிலோமீற்றர்தான் தேறியது.

வரிசையிலே நின்று பெற்றோல் நிரப்பி வருபவன் என் அக்காவின் மகன். எங்கள் வீட்டிலே தங்கி, உயர்தர வகுப்பிலே பொறியியற் தொழினுட்பம் பயில்பவன். பெற்றோல் பொன்னாய் விற்ற அந்நாளில், போத்தலிலே ஊற்றி விற்போரும் இருந்தனர். ஓர் இரவு, எல்லோரும் உண்ண அமர்ந்தவேளை, “தம்பி, 20 லீற்றரும் முழுசா அடிச்சதா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஓம் மாமா.”

“அப்ப எங்க போகுது?”

அவன் விடை கூறவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே விட்டு எழுந்தான். மறுநாட் காலையிலே கார்த் திறப்பு என் மேசைமீது கிடந்தது.

இரண்டு நாட்களின் பின் அவனே வந்தான். “மாமா, சூடாயிருக்கிற நேரம் நிப்பாட்டினா கார் திரும்ப ஸ்டார்ட் ஆக மாட்டன் எண்ணுது. பின்னால கறுப்புப் புகை. பெற்றோல் வெளிய போகல்ல மாமா, உள்ளுக்குத்தான் கூடப் போகுது,” என்றான். இதனை நான் கவனித்திருக்க வேண்டும்; கவனிக்கவில்லை.

நகரிலே ஒருவர் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குமுன் காத்தான்குடியிலுள்ள வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டோம். “ராவைக்கு அப்படியே நிப்பாட்டி வைங்க சேர். காலத்தால வாறன். எஞ்சினத் தொட வேணாம்,” என்றார் நானா.

விடியலில் வந்தவர் தம் கருவியைக் காரின் கணினியுடன் இணைத்தார். இரவு முழுதும் ஓய்ந்திருந்த எஞ்சினில், உட்புகும் காற்றின் வெப்பமும் குளிர்விக்கும் நீரின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருத்தல் வேண்டும். காற்று 27 பாகை என்றது கருவி. நீரோ 9 பாகை என்றது. “நுவரெலியாக் குளிர் நம்மட வாவிக்கரைக்கு வந்துட்டு போல,” என்று நானா நகைத்தார். எஞ்சினை ஓடவிட்டோம். முன்பலகையிலுள்ள வெப்ப ஊசி வழமைபோல் நடுவிலே நின்றது. கணினிக்கு வந்த செய்தியோ 40ஐத் தாண்டவில்லை. என் காரிலே அந்த ஊசிக்கு வேறோர் உணரி, கணினிக்கு வேறோர் உணரி.

குளிர்ந்த எஞ்சினிலே பெற்றோல் எளிதில் ஆவியாகாது. அதனால் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய கார்களிலே சோக்கை இழுத்தது இதற்காகவே. இன்று கணினியே அதனைச் செய்கின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கின்றது என உணரி ஓயாது சொன்னமையால், அது ஓயாது பெற்றோலை ஊற்றியிருக்கின்றது.

கம்பியிலே பழுதாக இருக்கலாகாதா என்று கேட்டேன். நானா உணரியின் இணைப்பைக் கழற்றினார். கருவி கழித்தல் 40 பாகை காட்டியது. அவ்விரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார், 130ஐயும் தாண்டியது. கம்பியும் கணினியும் செம்மையாக இருந்தன.

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே உணரியைக் கழற்றினோம். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறப்போர் முகத்திலே கொதிநீர் பீறிடும். இளைஞர் இதனை மறத்தலாகாது. மருமகன் சுடுநீர்ப் பாத்திரமும் வெப்பமானியும் ஓம் அளக்கும் மீற்றரும் கொண்டுவந்தான். வெப்பம் ஏற ஏறத் தடை குறைவது இவ்வுணரியின் இயல்பு. வெள்ளிச் சல்பைட்டிலே இத்தகைய இயல்பை மைக்கல் பரடே 1833இலேயே கண்டார். என் காரின் உணரி 80 பாகையிலே 300 ஓம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், 1,200இலேயே நின்றுவிட்டது. முழுதும் செத்திருந்தால் கணினி அதனை அறிந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றியிருக்கும். இது நம்பத்தக்க அளவிலே பொய் சொன்னமையால் விளக்கும் எரியவில்லை.

புதிய உணரியையும் அவ்வாறே சுடுநீரில் அளந்து பார்த்த பின்னரே மருமகன் பூட்டவிட்டான். அடுத்த வாரம் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் மீண்டும் வந்தது.

அன்றிரவு, எல்லோரும் உண்ண அமர்ந்தவேளையிலேயே, “தம்பி, நான் பிழையாக் கேட்டுட்டன்,” என்றேன். பலர் முன்னிலையிற் கேட்ட கேள்விக்குத் தனிமையிலே வருந்துதல் முறையன்று. “பரவாயில்ல மாமா,” என்றவன், இன்னும் கொஞ்சம் சோறு போடுமாறு மாமியிடம் கேட்டான். கார்த் திறப்பை அவனிடமே கொடுத்தேன்.

உணரியின் சொல்லைச் சோதிக்க ஓர் இரவு முழுதும் காத்திருந்தோம். காற்றையும் நீரையும் ஒப்பிட்டோம். கம்பியையும் ஐயுற்றுப் பார்த்தோம். என்னுடன் ஒரே கூரையின்கீழ் வாழும் பிள்ளையைக் குற்றம் சாட்டுமுன் இவற்றுள் ஒன்றையேனும் நான் செய்யவில்லை. வகுப்பறையிலே ஒரு மாணவன்மீது முறைப்பாடு வரும்போதெல்லாம் அந்தப் பிசைந்த சோறு என் நினைவிற்கு வருகின்றது.