பேனா போகும் வழி

டிவியில் தலைப்புக் காட்சிகளைக் கவனித்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று எழுதுவது போல எழுத்து கோடு கோடாக உருவாகும். பார்க்க ரொம்ப சுலபம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸைத் திறந்து தமிழில் ஒரே ஒரு 'ப' போட்டு முயன்றால்தான் சங்கதி புரியும்.

இந்த ஆசை சினிமாவின் வயதுக்குப் பழசு. 1906-ல் ஸ்டூவர்ட் பிளாக்டன் எடுத்த சிறு படம் ஒன்றில், கரும்பலகையில் சாக்பீஸ் முகங்கள் தாமாகவே வரையப்படும். பிலிம் காலத்தில் தலைப்பு எழுதியவர்கள் இன்னொரு தந்திரமும் வைத்திருந்தார்கள். முழுதாக எழுதிவிட்டு, கடைசிக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழித்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடிப்பார்கள். பிலிமைத் திருப்பி ஓட்டினால் எழுதுவது போலத் தெரியும். அழித்தே எழுதுவது!

சரி, மென்பொருளுக்கு வருவோம். 1993-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் கோசா என்ற சின்ன கம்பெனி ஆஃப்டர் எஃபெக்ட்ஸை வெளியிட்டது. அடுத்த வருடமே அது அடோபி கைக்குப் போய்விட்டது. 2007-ல் வந்த சிஎஸ்3 பதிப்பில் ஷேப் லேயரும், கூடவே 'ட்ரிம் பாத்ஸ்' வசதியும் சேர்ந்தன. ஒரு கோட்டை வரைந்து, 'எண்ட்' மதிப்பை 0-லிருந்து 100 சதவீதத்துக்கு நகர்த்தினால் கோடு வளரும். அவ்வளவுதான்.

அப்படியென்றால் 'ப'வையும் ஷேப்பாக மாற்றி ட்ரிம் செய்ய வேண்டியதுதானே? இங்கேதான் சறுக்கல். ஃபான்ட்டில் இருப்பது பேனா போன வழி அல்ல, எழுத்தின் வெளிவிளிம்பு. கை 'ப' எழுதும்போது மேலிருந்து இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறும். மூன்று அசைவு. கணினியோ எழுத்தைச் சுற்றி வேலி கட்டுவது போல வெளிப்பக்கமும் உள்பக்கமுமாக ஓடும். 'க்' என்று போட்டால் இன்னும் கூத்து. வெளிவிளிம்பு, உள்ளே இருக்கும் ஓட்டை, மேலே உள்ள புள்ளி எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்கும். எந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதினார்கள்?

பழைய வழிதான் கைகொடுக்கும். எழுத்தின் நடுவே, கை போகும் வழியில், பென் டூலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அதில் 'ஸ்ட்ரோக்' எஃபெக்ட்டைப் போட்டு, எழுத்தை மூடும் அளவுக்குத் தூரிகையைப் பருமனாக்கி, 'ரிவீல் ஒரிஜினல் இமேஜ்' என்று மாற்றினால், கோடு ஓடும் இடமெல்லாம் கீழே இருக்கும் எழுத்து தெரியவரும். ஆனால் மூன்று சுழி 'ண' வந்தால் பொறுமை சோதிக்கப்படும். சுழிகள் நெருக்கமாக இருப்பதால் பருமனான தூரிகை பக்கத்துச் சுழியையும் கொஞ்சம் முன்கூட்டியே காட்டிவிடும். எழுத்தை இரண்டு மூன்று லேயராக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி போடுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு ராத்திரி போய்விடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பார்கள். விளம்பரத் தலைப்பென்றால் வேண்டாம், விளிம்பு ஓடினாலும் அதுவும் ஒரு அழகுதான். குழந்தைகளுக்கு எழுத்து சொல்லித்தரும் வீடியோ என்றால் கதையே வேறு. 'ட'வைக் கீழிருந்து மேலே ஏற்றி ஒரு வீடியோ காட்டினால், குழந்தை அதையே பழகும். முடிந்த எழுத்தைப் பார்த்து டீச்சரால் தவறைக் கண்டுபிடிக்கவும் முடியாது, வடிவம் சரியாகத்தானே இருக்கும்! எழுதும் வேகத்தில்தான் அது தெரியவரும். மணலில் விரலைப் பிடித்து எழுதவைத்த இடத்தில் இப்போது திரை இருக்கிறது. பாதையை வரைகிறவர்தான் அந்த விரலைப் பிடிக்கிறார்.

வேகத்தையும் விடக்கூடாது. 0-விலிருந்து 100 வரை ஒரே சீராக ஓடினால் மெஷின் எழுதியது போலிருக்கும். கை சுழியில் மெதுவாகும், நேர்க்கோட்டில் விரையும். அதற்கேற்ப நடுவில் கீஃபிரேம் போட வேண்டும். புள்ளிக்கு எந்தப் பாதையும் வேண்டாம். பேனா காகிதத்தை விட்டு எழும்புவதற்கு ஐந்தாறு ஃபிரேம் காலியாக விட்டு, அப்புறம் டக்கென்று வைத்தால் போதும்.