முயலும் நாயும் எட்டிப் பார்க்கும் கோயில்

ஒரு நாய், அதன் பக்கத்திலேயே ஒரு முயல். இரண்டும் ஒரே கல்லிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிற பழைய சிநேகிதர்கள் மாதிரி இருக்கின்றன. நாயின் காது தொங்குகிறது. கண் உருண்டையாக, கொஞ்சம் சோகமாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பதைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பே அதற்கு இல்லை. படத்தில் முதன்முறை பார்க்கிறவர்கள், யாரோ போன வருஷம் கேலிச்சித்திரப் பாணியில் செதுக்கி வைத்தது என்றுதான் நினைப்பார்கள். செதுக்கி ஏறத்தாழ 880 வருஷம் ஆகிறது.

இந்தக் கல் இருப்பது இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், ஹெரிஃபோர்ட்ஷயரில், கில்பெக் என்ற சின்ன ஊரின் பங்குக் கோயிலில். மரியாளுக்கும் தாவீதுக்கும் நேர்ந்துவிடப்பட்ட கோயில். இந்தத் தாவீது பைபிளின் அரசர் அல்ல, வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். பெயரிலேயே எல்லைப்புறத்தின் வாசனை அடிக்கிறது. இங்கிருந்து வேல்ஸ் எல்லை கூப்பிடு தூரம் இல்லை என்றாலும், நடந்தே போய்விடலாம். அந்தக் காலத்தில் இந்தப் பகுதிக்கு எர்கிங் என்று பெயர். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்து, 1086-ல் நாடு முழுவதையும் கணக்கெடுத்து டூம்ஸ்டே ஏட்டில் பதிந்தபோதுகூட, இங்கே வெல்ஷ் வழக்கமும் வெல்ஷ் சட்டமும்தான் நடந்துகொண்டிருந்தன.

அந்த ஏட்டில் கில்பெக்கின் உடைமையாளராக வருகிறவர் வில்லியம் ஃபிட்ஸ் நார்மன். மண்ணைக் குவித்து மேடு எழுப்பி அதன் மேல் கோட்டை கட்டுவது நார்மானியர் வழக்கம். இங்கேயும் அப்படி ஒரு மேடு எழுந்தது. கோட்டைக்குக் கிழக்கே, கல்லெறி தூரத்தில் கோயில். கோயிலைச் சுற்றி, வரப்பு போட்டு வளைத்த ஊர். பிரபு, பாதிரியார், குடிகள் மூவரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தப்பாத அமைப்பு.

வில்லியமின் மகன் ஹ்யூ. இந்தக் குடும்பத்தின் வேலை அரசருடைய காட்டைக் காவல் காப்பது. 1134-ல் ஹ்யூ இந்தக் கோயிலை குளோஸ்டர் நகரத்து மடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். மடத்தின் சிறு கிளை ஒன்றும் ஊருக்குப் பக்கத்தில் வந்தது. இப்போது நாம் பார்க்கிற கட்டடம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1140-ஐ ஒட்டி எழுந்ததாகக் கொள்கிறார்கள். அதற்கு முன்பும் இங்கே ஒரு கோயில் இருந்திருக்கிறது. நடுக்கூடத்தின் வடகிழக்கு மூலையில் மட்டும் கல்லடுக்கு வேறு மாதிரி, கரடுமுரடாக இருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். பழைய வீட்டின் ஒரு சுவரை விட்டுவைத்துப் புது வீடு கட்டுகிற சிக்கனம்.

1140 நிம்மதியாகக் கோயில் கட்டுகிற காலமே அல்ல. 1135-ல் முதலாம் ஹென்றி இறந்ததும் அவருடைய சகோதரி மகன் ஸ்டீவனுக்கும் மகள் மட்டில்டாவுக்கும் அரியணைச் சண்டை மூண்டு, நாடு ஏறத்தாழ இருபது வருஷம் அல்லாடியது. 1138-ல் ஸ்டீவனின் படை ஹெரிஃபோர்ட் கோட்டையையே முற்றுகையிட்டது. கில்பெக்கிலிருந்து அந்த நகரம் எட்டு மைல்தான். அந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் யாரோ ஒரு சிற்பி உட்கார்ந்து நாய்க்கும் முயலுக்கும் காது செதுக்கியிருக்கிறார்.

யார் என்று பெயர் இல்லை. ஆனால் கையெழுத்து உண்டு. இதே உளிவேலை இந்த வட்டாரத்தில் பல இடங்களில் தென்படுகிறது: ஈயர்டிஸ்லியிலும் காஸில் ஃப்ரோமிலும் ஞானஸ்நானத் தொட்டிகள், பிரின்ஸப்பில் வாசல் நெற்றிக்கல், ஷாப்டனில் ஒரு முழுக் கோயில். ஆய்வாளர்கள் இதற்கு 'ஹெரிஃபோர்ட்ஷயர் பாணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஷாப்டன் கோயிலைக் கட்டியவர் ஆலிவர் டி மெர்லிமண்ட் என்ற காரியஸ்தர். அவர் ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு யாத்திரை போய்வந்தவர். வழியில் மேற்கு பிரான்சின் கோயில் வாசல்களையெல்லாம் கண்டிருப்பார். சிற்பி ஒருவரும் கூடப் போயிருக்கலாம், இல்லையென்றால் வரைந்த தாள்களாவது வந்திருக்கும் என்று ஊகிக்கிறார்கள். அப்படி ஏதோ ஒன்று நடந்திருக்கத்தான் வேண்டும். இந்த ஒதுக்குப்புறத்தில், பிரெஞ்சு வளைவு, வைக்கிங் பாம்பு, சாக்ஸன் கொடிப்பின்னல் மூன்றும் ஒரே வாசலில் கூடுவது வேறு எப்படிச் சாத்தியம்?

கட்டட அமைப்பைச் சொல்ல நேரம் பிடிக்காது. மூன்று அறைகள் வரிசையாக: மக்கள் நிற்கும் நடுக்கூடம், குருமார் பகுதி, கிழக்குக் கோடியில் அரைவட்டமாக வளைந்து முடியும் பீடப்பகுதி. உள்ளே போகப் போக ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிது. பக்கச் சிறகுகள் கிடையாது, கோபுரம் கிடையாது. மேற்குச் சுவரின் தலையில் மணி தொங்கும் சின்னக் கூண்டு மட்டும் உண்டு, அதுவும் பின்னால் வந்தது. அலங்காரத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு நல்ல தானியக் களஞ்சியம், அவ்வளவுதான்.

தெற்கு வாசலுக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

வாசலின் நெற்றியில், அரைவட்டக் கல்லில், அந்தக் காலத்து ஐரோப்பியக் கோயில்களில் பெரும்பாலும் கிறிஸ்து சிம்மாசனத்தில் வீற்றிருப்பார். இங்கே ஒரு கொடிதான் இருக்கிறது. நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் சுருண்டு விரியும் கிளை, அதில் திராட்சைக் குலை. வாழ்வின் மரம் என்கிறார்கள். இயேசு தன்னைத் திராட்சைச் செடிக்கு ஒப்பிட்டதை நினைத்துச் செய்ததாகவும் இருக்கலாம். அதைச் சுற்றி வளைவுகள். உள்வளைவின் ஒவ்வொரு கல்லிலும் ஒரு பிராணியோ பூதமோ இருக்க, அலகு நீண்ட தலைகள் உள்ளே வருகிறவரைக் கொத்தப் பார்க்கின்றன. வெளிவளைவில் வட்டம் வட்டமாகப் பதக்கங்கள், பதக்கத்துக்குள் பறவை, மீன், தன் உடலையே வளைத்துக்கொண்ட பறவைநாகம். ஒரு வட்டத்தையும் அடுத்ததையும் இடையில் ஒரு முகம் கவ்விப் பிடித்துச் சங்கிலியாக்குகிறது.

தூண்களைக் குனிந்து பார்க்க வேண்டும். வெளித்தூண்களில் பாம்புகள் ஒன்றன் வாலை இன்னொன்று விழுங்கியபடி இறங்குகின்றன. இடப்பக்கத்து உள்தூணில் ஒல்லியாக இரண்டு வீரர்கள், ஒருவர் தலைக்கு மேல் ஒருவர். உடம்பை ஒட்டிய சட்டை, கால்சட்டை, கூம்புத் தொப்பி. உடையின் மடிப்பு முழுவதும் கோடு கோடாக, சீப்பால் வாரியதுபோல இருக்கிறது. அவர்களைக் கொடி சுற்றிப் பிணைத்திருக்கிறது. கொடியை வெட்டிக்கொண்டு வெளியேறப் பார்க்கிறார்களா, அதிலேயே சிக்கிச் சொக்கிப்போயிருக்கிறார்களா என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. வலப்பக்கத் தூணின் தலையில் ஒரு முகம், அதன் வாயிலிருந்து இலையும் கொடியும் பீறிட்டு வழிகிறது. 'பச்சை மனிதன்' என்று ஆங்கிலேயர் சொல்லும் உருவம் இது.

நாயும் முயலும் இருப்பது கூரையின் இறவாரத்துக்குக் கீழே. சுவர் முடியும் இடத்தில் கூரை ஓரத்துக் கல்வரிசை கொஞ்சம் வெளியே நீள்கிறது. அதைத் தாங்க, சுவரிலிருந்து இடைவெளி விட்டு விட்டுக் கற்களை நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தாங்குகல்லின் பின்பாதியும் சுவருக்குள் புதைந்திருக்கும். மேலே ஏறும் பாரமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முன்பாதி சிற்பிக்கு. தரையில் வைத்துச் செதுக்கி முடித்த பிறகுதான் மேலே ஏற்றுவது. அப்படி 91 கற்கள் கட்டடத்தைச் சுற்றி வந்தன. 85 இன்னும் இருக்கின்றன.

பன்றி, செம்மறிக் கடா, நரம்பு வாத்தியம் வாசிக்கிறவன், கட்டிப்பிடித்து நிற்கும் இருவர் (மல்லா காதலா தெரியவில்லை), ஏதோ ஒன்றின் வாயில் இன்னொன்றின் தலை. சிலுவையைச் சுமக்கும் தேவ ஆட்டுக்குட்டியும் உண்டு. ஆனால் அதன் முகத்தைப் பார்த்தால் குதிரை என்றே சொல்லத் தோன்றும். கிறிஸ்துவின் அடையாளமான ஆட்டுக்குட்டி சுமாராக வந்திருக்கிறது, ஊர் நாய் அச்சு அசலாக வந்திருக்கிறது. சிற்பிக்கு எதில் மனசு ஒட்டியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வேத வசனத்தைத் தேடிப் பொருத்துகிற புத்தகங்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காட்டைக் காவல் காக்கிற குடும்பம் பணம் கொடுத்துக் கட்டிய கோயிலில் வேட்டை நாயும் முயலும் வருவதற்கு வசனம் எதற்கு?

அந்தப் புத்தகங்களுக்கு முன்னோடி ஜி. ஆர். லூயிஸ் என்ற ஓவியர். 1842-ல் கில்பெக்கின் சிற்பங்களையெல்லாம் வரைந்து ஒரு நூலாக வெளியிட்டார். வரைவதோடு நிற்காமல் எல்லாவற்றுக்கும் பொருளும் சொன்னார். பீடப்பகுதியின் வெளிச்சுவரில் ஒரு தாங்குகல்லிடம் வந்தபோதுதான் அவர் பாடு திண்டாட்டமானது. அது ஒரு பெண். மொட்டைத் தலை, முட்டைக் கண், இதழோரத்தில் லேசான சிரிப்பு. இரண்டு கைகளையும் கால்களுக்குக் கீழாகக் கொண்டுவந்து தன் பிறப்புறுப்பை விரித்துக் காட்டுகிறாள். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பல பழைய கட்டடங்களில் இப்படி உருவங்கள் உண்டு. 'ஷீலா-ந-கிக்' என்பது அவற்றின் பொதுப்பெயர். அவற்றில் மிகவும் பேர்பெற்றவர்களில் ஒருத்தி கில்பெக்கில் இருப்பவள். லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? அது பெண்ணே அல்ல, ஒரு முட்டாள், தன் மார்பைப் பிளந்து இதயத்தின் வழியை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறான் என்று எழுதிவிட்டார். படத்தையும் அதற்குத் தகுந்தபடி மாற்றி வரைந்தார். அவர் காலத்துக் கண் அவ்வளவுதான் பார்க்க முடிந்தது என்று விட்டுவிடலாம்.

நம் காலத்துக் கண்ணும் ஒன்றும் தெளிவாக இல்லை. காமத்தைப் பழிக்கும் எச்சரிக்கை என்று ஒரு கட்சி. பிள்ளைவரம் தருகிறவள் என்று ஒரு கட்சி. கண்ணேறு கழிக்க வைத்தது என்றும், கிறிஸ்தவத்துக்கு முந்திய தாய்த் தெய்வம் என்றும் வேறு கட்சிகள். காணாமல் போன கற்களை ஆபாசம் என்று ஒரு விக்டோரிய காலத்துச் சீமாட்டி தட்டி எடுக்கச் சொன்னாள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அது உண்மையானால் இவளை எப்படி விட்டாள் என்பதற்குக் கதையில் பதில் இல்லை.

உள்ளே போனால் ஆரவாரம் அடங்கிவிடுகிறது. நடுக்கூடத்தையும் குருமார் பகுதியையும் பிரிக்கும் வளைவின் இருபக்கத் தூண்களிலும் மூன்று மூன்று பேர், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நிற்கிறார்கள். ஒருவர் கையில் சாவி இருப்பதால் அவர் பேதுரு. இப்படித் தூணில் ஆட்களை அடுக்கி நிறுத்துவது சந்தியாகோ கோயிலின் தெற்கு வாசலை நினைவூட்டுகிறது என்பார்கள். வெளியே பூதங்களைக் கொட்டி முழக்கிய கை, இங்கே சாந்தமான, நீண்ட முகங்களைச் செதுக்கியிருக்கிறது. பீடத்துக்கு மேல் கல் விலாக்கள் வளைந்து வந்து ஒரு முடிகல்லில் கூடுகின்றன. தீர்த்தத் தொட்டி ஒன்று, தன் தொப்பையைத் தானே இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கோயிலுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இத்தனை வருஷமாக இதெல்லாம் உதிராமல் இருப்பதற்கு முதல் காரணம் கல். இந்த மாவட்டத்துச் செம்மணற்கல் எல்லாமே இவ்வளவு கெட்டி அல்ல. கில்பெக்குக்கு வாய்த்த கல் நல்ல ஜாதி. இரண்டாவது காரணம், யாரும் இந்த ஊரைக் கண்டுகொள்ளவில்லை. மடத்தின் கிளை 1428-ல் மூடப்பட்டது. காலப்போக்கில் பழைய ஊரும் கரைந்து, இப்போது கோயிலைச் சுற்றிய புல்வெளியில் வரப்பு மட்டும் தெரிகிறது. பணம் கையில் புரள்கிற ஊராக இருந்திருந்தால், பழையது என்று இடித்துவிட்டு உயரமாக ஒன்று கட்டியிருப்பார்கள். ஷாப்டனுக்கு அதுதான் நடந்தது. அந்த ஊரின் பிரபுக் குடும்பம் 1750-களில் கோயிலை இடித்துப் புதுமோஸ்தரில் கட்டியது. பழைய வளைவுகளை மட்டும் பெயர்த்து, பங்களாவிலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று குன்றின் மேல் வெட்டவெளியில் நிறுத்தியது. கூரை போன கல்லை மழையும் பனியும் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நக்கித் தீர்த்துவிட்டன. ஒரே பட்டறையின் வேலை. கில்பெக்கில் வீரனின் சட்டை மடிப்பை எண்ணலாம். ஷாப்டனில் உருவம் எது, பாசி எது என்று பிரிப்பதே சிரமம்.

கில்பெக்கையும் 1848-ல் பழுதுபார்த்தார்கள். பொறுப்பேற்றவர் எல். என். காட்டிங்ஹாம் என்ற கட்டடக் கலைஞர். திட்டம் அவருடையது, வேலை முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அந்தத் தலைமுறையின் புனரமைப்பு மோகம் பல கோயில்களைச் சுரண்டி எடுத்ததை நினைத்தால் இங்கே கை அளவோடு நின்றது பெரிய விஷயம். இன்றும் இது பங்குக் கோயில்தான், வழிபாடு நடக்கிறது.

மேற்குச் சுவரில் இன்னொரு வகைத் தாங்குகற்கள் இருக்கின்றன. மற்றவை போலச் சுவரோடு ஒட்டி நிற்காமல், கை நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள். திறந்த வாய், உள்ளே சுருண்ட நாக்கு. முதலை என்று சொன்னால் குழந்தைகள் ஒத்துக்கொள்வார்கள். வைக்கிங் கப்பல்களின் முகப்பு யாருக்கோ நினைவில் இருந்திருக்க வேண்டும். அவை வாயைப் பிளந்து பார்க்கும் திசையில்தான் கோட்டை இருந்தது. ஜான் மன்னரே பலமுறை வந்து தங்கிய கோட்டை. 1645-ல், உள்நாட்டுப் போரின்போது, இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்று அதை உடைத்துப் போட்டார்கள். மேட்டின் உச்சியில் இரண்டு சுவர்த் துண்டுகள் மிச்சம், அதில் ஒன்றில் கணப்படுப்பு இருந்த பள்ளம் தெரிகிறது.