உப்பு, தேய்மானம், ஒரு சேத்தக்

எங்கள் தூத்துக்குடியில் உப்புக்கு இரண்டு வேலை. பலருக்குச் சோறு போடும், வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்னும். மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. பிளாஸ்டிக் மாடல் ஹெலிகாப்டரைப் பழசாக்கும் :-)

பளபளவென்று பெயிண்ட் அடித்ததை எதற்குப் பழசாக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வெயிலும் கடற்காற்றும் படாத ஹெலிகாப்டர் நிஜத்தில் இல்லையே! இந்த வேலைக்குத்தான் 'வெதரிங்' என்று பெயர்.

நான் எடுத்துக்கொண்டது நம் கடற்படையின் சேத்தக். பிரான்ஸின் அலூவெட் 3 ஹெலிகாப்டரை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 1960-களில் உரிமம் பெற்று இங்கேயே கட்டத் தொடங்கியது. அதுதான் சேத்தக். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் 2009-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளத்திலிருந்தும் பறந்திருக்கிறது. அலூவெட் 3-க்கு ஹெல்லர் நிறுவனத்தின் 1:72 கிட் உண்டு. நிஜத்தில் 11 மீட்டர் அகலம் சுற்றும் விசிறி, மாடலில் 15 செ.மீ.

காமர்ஸ்காரனுக்குத் தேய்மானம் என்றால் நேர்கோட்டு முறை ஞாபகம் வரும். வருடா வருடம் ஒரே தொகையைக் கழித்துவிடலாம். மாடலில் அப்படி எல்லா இடத்திலும் ஒரே அளவு அழுக்கைப் பூசினால் சேற்றில் விழுந்து எழுந்த மாதிரி இருக்கும். எது, எங்கே, எதனால் தேய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சேத்தக்கின் எஞ்சின் கூரைக்கு மேல் திறந்தபடி இருக்கும். புகை பின்பக்கம் போவதால் கரி வாலின் மேல்தான் படியும். கறுப்பு பேஸ்டல் சாக்கைச் சுரண்டி, தூளை பிரஷ்ஷால் பின்னோக்கித் தடவினால் போதும். ஏறி இறங்கும் கதவு விளிம்பில் பெயிண்ட் உரிந்து அலுமினியம் தெரியும்.

அங்கேதான் உப்பு வருகிறது. முதலில் அலுமினிய நிறம் அடித்துக் காயவிட வேண்டும். உரிய வேண்டிய இடத்தை ஈரப்படுத்தி, உப்பைத் தூவி உலர்த்த வேண்டும். அதன்மேல் சாம்பல் நிறத்தை ஸ்பிரே செய்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் கீழே இருக்கும் அலுமினியம் திட்டுத்திட்டாக எட்டிப் பார்க்கும். ஆனால் அளவு முக்கியம். 1 மி.மீ. உப்புக்கல் நிஜ அளவில் 7.2 செ.மீ. ஆகிவிடும். அதனால் மாவு போலப் பொடித்த உப்புதான் சரி.

கடல் என்றதும் பலர் செம்பழுப்புத் துருவைப் பூசிவிடுகிறார்கள். மீன்பிடித் துறைமுகத்து நங்கூரச் சங்கிலிக்கு அது பொருந்தும். ஹெலிகாப்டரின் மேல்தகடு அலுமினியக் கலவை. அது அரித்தால் வெள்ளைப் பொடிதான் பூக்கும். அதையும் லேசில் விடமாட்டார்கள். கடல் மேல் பறந்து வந்த ஹெலிகாப்டரை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குவது தரைப் பணியாளர்களின் வாடிக்கையான வேலை. எஞ்சினுக்குள் உப்பு படிந்தால் சக்தி குறையும். நடுக்கடலில் அது உயிர் விஷயம்.

ஆகவே துருப்பிடித்த சேத்தக் மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பணியாளர்கள் வேலையே பார்க்கவில்லை என்று சொல்வதாகிவிடும். வெளிறிய பெயிண்ட், தேய்ந்த விளிம்பு, கொஞ்சம் கரி போதும். கணக்குப் புத்தகத்தில் தேய்மானத்துக்குப் பக்கத்திலேயே பராமரிப்புச் செலவையும் எழுதுகிறோம். மாடலிலும் இரண்டும் தெரிய வேண்டும்.